பதினோராவது படத்தில் நிறைந்த கேமரா

மூன்று வாரத்துக்கு முன், ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்குப் படங்கள் காணாமல் போயின. பத்தேகாலுக்குக் குற்றவாளி தானாகவே ஒப்புக்கொண்டான். பத்தரைக்கு அவனை வீட்டை விட்டுத் துரத்தியாகிவிட்டது. இவ்வளவு வேகமாக முடிந்த வழக்கை ரேகையம்மா தன் வேலைக்காலத்தில் பார்த்ததேயில்லை. அதனாலேயே அவருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

ரேகையம்மா போலீசில் கைரேகைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்வீட்டில் தனியாக இருந்தார். மேல்வீட்டில் கண்ணாடிக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கே பார்வை சரிசெய்தவர். மனைவி நோயில் விழுந்ததும் கடையை விற்றுவிட்டார். மனைவி போன பிறகு அவரும் தனியாகத்தான் இருந்தார். மாடிப்படியில் பார்த்தால் இருவரும் தலையாட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். மூன்று வாரமாக அந்தத் தலையாட்டலும் நின்றுபோயிருந்தது. அவர் கீழே இறங்கி வருவதேயில்லை. ரேகையம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கதவைத் தட்டினார்.

கூடத்தில் கட்டில் இன்னும் விரித்தபடியே கிடந்தது. மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இரைந்துகொண்டிருந்தது. திரையில் ஒன்றுமில்லை.

"எதுக்கு சார் சும்மா ஓடுது?"

"சத்தம் வேணும்ல மேடம். அதை நிறுத்திட்டா வீட்ல நான் மட்டும்தான்."

மேசை மேல் சின்னதாக ஒரு டிஜிட்டல் கேமரா. ரேகையம்மா அதைப் பார்த்ததும் கண்ணாடிக்காரர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கொட்டித் தீர்த்தார்.

மனைவியின் கடைசிப் பிறந்தநாள். இந்தக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவியின் தம்பி படம் எடுத்தான். நாலாம் நாள் மனைவி போய்விட்டார். நோயில் விழுந்த பிறகு அவரைப் படமெடுத்தது அன்றைக்கு மட்டும்தான். இரண்டு வாரம் கழித்து, படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லி அந்த மச்சினனையே கூப்பிட்டார். வந்தான். கேமராவை நோண்டினான். முகம் செத்துப்போய் நின்றான். "ஏதோ அழுத்தி அழிச்சிட்டேன் அத்தான்" என்றான்.

"அவ தம்பியாச்சேன்னு பார்த்தேன், இல்லைன்னா அன்னைக்கு அடிச்சிருப்பேன். இனிமே இந்தப் படி ஏறாதேன்னு சொல்லிட்டேன்."

"வேற யார் வருவாங்க இந்தப் படி ஏறி?"

கண்ணாடிக்காரர் வாசலைப் பார்த்தார். யாரும் வருவதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"பிறந்தநாள் அன்னைக்கு அவர் எத்தனை படம் எடுத்தார்?"

"பதினொண்ணு. அதுக்கப்புறம் இடமில்லைன்னு கேமராவே சொல்லிடுச்சு."

"கார்டு நிறைஞ்சிருந்ததா?"

"அதெப்படி? முந்தின நாள்தானே எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு மாத்திட்டு இடம் பண்ணி வைச்சேன், பிறந்தநாளுக்குன்னே. இந்தக் கிழட்டு கம்ப்யூட்டர் ஒழுங்கா வேலை செஞ்சிருக்காது, பாதிப் படம் கார்டுலயே கிடந்திருக்கும்."

ரேகையம்மா கேமராவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எப்படி மாத்துவீங்க? வயர் போட்டா?"

"வயர் போட்டா அது கேமராவைக் கண்டுக்கவே கண்டுக்காது. கார்டை உருவி, பெட்டி முன்னாடி இருக்கற ஓட்டைல சொருகணும். சொருகிட்டுப் படுத்துடுவேன். ஆமை மாதிரி விடிய விடிய ஏத்தும்."

"அழிஞ்ச படத்தை மீட்கப் பார்த்தீங்களா?"

"மறுநாளே ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன், அதோட கீழ இறங்கறதையே விட்டுட்டேன். கார்டுல முன்னாடி நான் எடுத்து மாத்தின படமெல்லாம் திரும்ப வந்துச்சு. கடற்கரை, கடை திறப்பு, எல்லாம். பிறந்தநாள் படம் ஒண்ணுகூட வரல. தடமே இல்லையாம். அவ்வளவு சுத்தமா அழிச்சிருக்கான் பாவி. தெரியாம அழுத்தினவன் இப்படியா செய்வான்? வேணும்னே செஞ்சிருக்கான்."

கோபம் என்றால் அப்படியொரு கோபம். தனியாக இருப்பவனுக்கு மூன்று வாரம் கோபமும் ஒரு துணைதான்.

ரேகையம்மா மச்சினனின் எண்ணை வாங்கி, தன் போனிலிருந்தே அழைத்தார்.

"கீழ்வீட்டம்மா பேசறேன். ஒரே விஷயம். அன்னைக்கு வந்ததும் முதல்ல என்ன செஞ்சீங்க?"

"கேமரா செத்துக் கிடந்துச்சும்மா. சார்ஜ் போட்டேன்."

"அப்புறம்?"

"கார்டை உள்ள போட்டேன்."

"கார்டு எங்க இருந்துச்சு?"

"கம்ப்யூட்டர்லதான். முன்னாடி சொருகியே இருந்துச்சு."

"போட்டுட்டுத்தான் ஆன் பண்ணீங்க?"

"ஆமா. ஒண்ணுமே தெரியல. அந்த பட்டன் இந்த பட்டன்னு எல்லாத்தையும் அழுத்திட்டேன். நான்தாம்மா அழிச்சேன். அக்கா படத்தை நானே..." குரல் உடைந்தது.

"நீங்க எதையும் அழிக்கலை. போனைப் பக்கத்துல வைச்சுக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மணி ஐந்து. ரேகையம்மா நாற்காலியை இழுத்துக் கண்ணாடிக்காரருக்கு எதிரே போட்டுக்கொண்டார்.

"சார், ஒரு டம்ளர்ல என் ரேகை இல்லைன்னா ரெண்டு காரணம்தான். ஒண்ணு நான் துடைச்சிருக்கணும், இல்ல தொடவே இல்லாம இருக்கணும். துடைக்கறவன் அவன் ரேகையை மட்டும் தனியாப் பொறுக்கித் துடைக்க மாட்டான். கார்டுல பழைய படத்தோட தடம் அத்தனையும் இருக்கு, பிறந்தநாள் மட்டும் இல்ல. ஏன்னா அந்தப் படங்க அந்தக் கார்டைத் தொடவே இல்ல."

"கார்டு இல்லாம கேமரா எப்படிப் படம் பிடிக்கும்?"

"அதைத்தான் அது அன்னைக்கே சொல்லிச்சு. காலிக் கார்டு போட்ட கேமரா பதினோரு படத்துல நிறையுமா? கேமராவுக்கு உள்ளயே கையகலத்துக்கு ஒரு இடம் உண்டு. கார்டு இல்லைன்னா அங்க வைக்கும். பதினொண்ணுதான் கொள்ளும். கார்டை மறுபடி போட்டா கார்டை மட்டும்தான் காட்டும், உள்ள இருக்கறதைக் காட்டாது. பிறந்தநாள் அன்னைக்குக் கார்டு எங்க இருந்துச்சு?"

கண்ணாடிக்காரர் மெதுவாகத் தலையைத் திருப்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். முந்தின இரவு சொருகிவிட்டுப் படுத்தவர் அதைத் திரும்ப உருவவே இல்லை. காலையில் மனைவிக்குத் தலைவாரிவிடும் அவசரம்.

"அப்போ..."

"மறந்தது நீங்க. அவர் நல்லது செய்யறதா நினைச்சுக் கார்டைப் போட்டார், படம் மறைஞ்சுடுச்சு. பயந்துபோய் பழியைத் தன் தலைல போட்டுக்கிட்டார். நீங்களும் சரின்னு வாங்கிக்கிட்டீங்க."

சொல்லிக்கொண்டே கார்டை உருவி மேசையில் வைத்தார். கேமராவை முடுக்கினார். முதல் படம் திரையில் வந்ததும் கண்ணாடிக்காரரிடம் நீட்டினார்.

கட்டிலில் சாய்ந்தபடி மனைவி. தலை அழகாக வாரியிருந்தது. அடுத்த படம். அடுத்தது. கண்ணாடிக்காரர் கேமராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதார். ரேகையம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தன்னை யாராவது கடைசியாகப் படமெடுத்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

பதினோராவது படமும் பார்த்து முடித்ததும் கண்ணாடிக்காரர் கேட்டார். "இப்ப கூப்பிட்டா எடுப்பானா மேடம்?"

"யார் செஞ்சாங்கன்னு கண்டுபிடிக்கத்தான் சார் எனக்குத் தெரியும்."

இரண்டாவது மணியில் மச்சினன் எடுத்தான்.

"மாப்ள. படம் இருக்கு. பதினொண்ணும் இருக்கு. தப்பு என்னோடது. கார்டை நான்தான் மறந்துட்டேன்."

கண்ணாடிக்காரர் கேமராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். எனக்குத் தெரியாது. நீ வந்து ஏத்திக் கொடு."

உள்ளே இருப்பதைக் கார்டுக்கு மாற்றும் வழி கேமராவின் திரையிலேயே தெரிந்தது. கண்ணாடிக்காரர் அதைப் பார்த்தார், ரேகையம்மாவும் பார்த்தார். மேசையில் இருந்த கார்டை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"வேணாம் அத்தான்" என்றான் மச்சினன். "எனக்குப் பயமா இருக்கு. நான் எதையாவது அழுத்தி, நிஜமாவே அழிஞ்சிடுச்சுன்னா?"

"அழிஞ்சா அழிஞ்சுட்டுப் போகுது" என்றார் கண்ணாடிக்காரர். "நீ வா."