யேசுதாஸின் எச்சில்

காலை டியூட்டி முடித்து ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள் நர்ஸ் ஐரீன். திருவொற்றியூரில், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளுக்கு எதிரே ஒரு பழைய ஓட்டு வீடு. நடுப்பகலிலும் உள்ளே இருட்டு. ஈர வலையின் வாடை மூக்கை அடைத்தது.

கதவைத் திறந்தவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.

"யேசுதாஸைப் பார்க்கணும்."

"என் நைனா. நான் வில்சன். நீதான் மெசேஜ் போட்ட அக்காவா? உள்ள வா."

ஐரீனுக்கு நாற்பத்தாறு வயது. அனாதை இல்லத்தில் வளர்ந்தவள். சொந்தம் என்று ஒருவராவது கிடைப்பார்களா என்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு எச்சிலைச் சோதனைக்கு அனுப்பியிருந்தாள். யேசுதாஸ் என்ற பெயர் பொருந்தி வந்தது. இருவருக்கும் பொதுவான மரபணு மூவாயிரத்து நானூறு சென்டிமார்கனுக்கு மேல். அந்த அளவு, பெற்றவருக்கும் பிள்ளைக்கும் இடையில்தான் வரும். அவள் பிள்ளை பெற்றதில்லை; அப்படியானால் அவர் அவளைப் பெற்றவர்.

"அப்பா எங்கேப்பா?"

"செத்துப் பூட்டாரு. நான் ஸ்கூல்ல படிக்க சொல்லோ கடலு இட்டுகினு பூட்ச்சு. பொணம்கூட கிடைக்கல."

ஐரீன் பெருமூச்சு விட்டாள். இதற்கும் தாமதமாகத்தான் வந்திருக்கிறாள்.

பிறகுதான் உறைத்தது.

"அப்போ அந்த எச்சில் யாரோடது?"

"என்னுதுதான். நைனா, மொத சம்சாரத்துக்குப் பொறந்த பொண்ணை இல்லத்துல வுட்டுட்டேன்னு சொல்லி அழுவாரு. கப்பல்ல வேலை பாக்குற தோஸ்து அந்த எச்சில் டெஸ்ட் டப்பா கொண்டாந்தான். நைனா பேரைப் போட்டு நான் துப்பி அனுப்சேன்."

"அப்பா ஒருத்தர், அம்மா வேறன்னா இதுல பாதிதான் வரணும், வில்சன். கூடப்பிறந்த தம்பியா இருந்தாக்கூட இவ்வளவு வராது."

வில்சன் புறங்கையால் வாயைத் துடைத்தான்.

"துப்ப சொல்லோ வாய் உப்புக் கரிச்சுதுக்கா. தண்ணியா வந்துகினே இருந்துச்சு."

வெளியே அலை பாறையில் மோதியது.

ஐரீன் எழுந்தாள். "நான் வரேன்பா."

வில்சனின் வாய் திறந்தது. வந்த குரல் கிழவனுடையது.

"போவாதம்மா."

அவன் கண்கள் மிரண்டு நின்றன. கடைவாயிலிருந்து தண்ணீர் வழிந்தது.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் போகாதே என்று இதுவரை அவளிடம் யாரும் சொன்னதில்லை. அவளுக்கு அவ்வளவு அலுப்பாக இருந்தது. மெதுவாக உட்கார்ந்தாள்.

சிலீரென்று ஒரு கை அவள் தலையை வருடியது.

"அக்கா," என்று தன் சொந்தக் குரலில் கிசுகிசுத்தான் வில்சன். "நான் தொடல."

அவன் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.