கால் மட்டும் வந்த மைனா

வாலுவின் நோட்டில் பக்கம் முழுக்கக் கால்கள். கம்பியில் இரண்டு, கிளையில் இரண்டு, தண்ணீர்க் குழாயின்மேல் இரண்டு. அவற்றுக்கு மேலே ஒன்றுமே இல்லை.

பஸ் ஓட்டிவிட்டு வந்த அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்னடி, கால் மட்டும் வந்து இறங்கியிருக்கு! மீதியெல்லாம் பஸ்ஸை விட்டுடுச்சா?"

"உடம்பு அக்கா வேலைப்பா." வாலு நோட்டைப் படக்கென்று மூடினாள்.

அதுதான் அவர்கள் ஏற்பாடு. சமையலறை ஜன்னலோரம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். அக்கா பறவையின் உடம்பை வரைவாள். அவளுக்குக் கால் வரவே வராது. போட்டால் தீக்குச்சிதான். அதனால் கால், விரல், நகமெல்லாம் வாலுவின் பொறுப்பு. கீழே, வெயிலா மழையா, பறவை என்ன செய்தது என்று எழுதுவார்கள். பென்சிலுக்குச் சண்டை நடக்கும்.

இப்போது அக்கா படிக்க வெளியூர் போய்விட்டாள். பென்சில் முழுக்க வாலுவுக்குத்தான். சண்டை போடத்தான் ஆளில்லை.

சாயங்காலம் அக்கா போனில் கேட்டாள். "வாலு, ஏதாவது வரைஞ்சியா?"

"நீ இல்லாம எப்படிக்கா? நீ?"

"வரைஞ்சேன். எல்லாம் காலில்லாம அந்தரத்துல தொங்குது. விட்டுட்டேன்." அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

மறுநாள் காலை ஜன்னல் கம்பியில் ஒரு மைனா. வாலு வழக்கம்போல் காலைப் பார்த்தாள். மஞ்சள். பிறகு மெல்லப் பார்வையை மேலே ஏற்றினாள். அட, கண்ணோரத்திலும் அதே மஞ்சள்! 'என் மூஞ்சியைப் பார்க்க இன்னைக்குத்தான் நேரம் கிடைச்சுதா?' என்பதுபோல அது கழுத்தைச் சாய்த்தது.

வாலு நோட்டை எடுத்தாள். முதல் மைனா உருளைக்கிழங்கு. இரண்டாவது, மூக்கு வைத்த உருளைக்கிழங்கு. "பல் தேய்ச்சியா இல்லையா?" என்று அம்மா கத்தியது காதிலேயே விழவில்லை. மூன்றாவது மைனா அவளைத் திரும்பிப் பார்த்தது.

"உடம்பு வந்துடுச்சே! கால் எங்கடி?" என்றார் அப்பா.

"அது அக்கா வேலை."

பக்கத்தைக் கிழித்துத் தபாலில் அனுப்பினாள்.

"கழுதை! எனக்குத்தான் கால் வராதே!" போனில் அக்காவின் குரல் பழையபடி சண்டைக்கு வந்தது.

"உன் ஜன்னல்ல மைனா வராதா என்ன? பார்த்துப் போடுக்கா."

அடுத்த வாரம் அதே பக்கம் திரும்பி வந்தது. வாலுவின் மைனாவுக்குக் கீழே இரண்டு தீக்குச்சிகள். ஆனால் அவற்றில் விரல்கள் முளைத்திருந்தன. அழித்து அழித்துத் தாளே தேய்ந்திருந்தது. கீழே அக்காவின் கையெழுத்து: 'இங்கே மழை. மைனா நொண்டி நொண்டி வந்து சேர்ந்தது.'

வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஜன்னலோரம் போய், அக்காவின் இடத்தைக் காலியாக விட்டு உட்கார்ந்து, அடுத்த பறவைக்குக் காத்திருந்தாள்.