இறங்கி வந்த ஏழு கட்டைகள்

குடையை மடக்காமல் டாக்ஸியில் ஏறுகிறவர்களைப் பற்றி லமீஸுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அன்று ஹம்ரா தெருவில் மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாதவர்கள் நெருக்கியடித்துப் போகும் ஷேர் டாக்ஸிக்குள் முதலில் ஒரு குடை ஏறியது. அப்புறம்தான் ஆள். குடை நேராக அவள் மடியில் சொட்டியது... சொட்டிக்கொண்டே இருந்தது.

“உங்க குடை அழுவுது. என் ஊத் மேல.”

துணி சுற்றிய அந்தத் தொப்பை வாத்தியத்தை அவன் அப்போதுதான் பார்த்தான். “மன்னிச்சுக்கங்க. குழந்தையைப் போத்தி வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்.”

“குழந்தைதான். பதினோரு தந்தி. நனைஞ்சா எல்லாம் சேர்ந்து அழும்.”

டிரைவர் அபு ஃபாதி கண்ணாடியில் பார்த்தார். “ஹபீபி, குடையை உன் மடியில வச்சுக்கோ. அந்தப் பொண்ணு முறைக்கிற சூட்டுல நீயே காஞ்சிடுவ.”

அவன் சிரித்தான். நனைந்த இமைகளுக்குள் சிரிக்கிற கண்கள்... லமீஸ் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலில் மழை தெரிந்தது. மழைக்குள்ளும் அதே கண்கள். சே, என்ன இது!

ஜெமைஸியில் அவள் இறங்கினாள். அவனும் இறங்கினான். நவாலின் காபிக் கடைக்குள் நுழைந்தாள். அவனும்.

“என் பின்னாடியேதான் வருவீங்களா?”

“நான் இங்க பியானோ வாசிக்கிறவன்ங்க. பேரு வதீ.”

லமீஸ் முழித்தாள். இரண்டு வருஷமாக அவள் எழுதி எழுதி அடித்த பாட்டு... ஊத்தும் ஜாஸும் கைகோத்து நடக்கிற பாட்டு. சனிக்கிழமை இந்தக் கடையில்தான் அதற்கு முதல் மேடை. கூட வாசிக்க “தங்கமான பையன்” ஒருத்தன் இருக்கிறான் என்று நவால் சொன்ன தங்கம் இதுதானா?

ஒத்திகையில் முதல் பத்து நிமிஷம் தங்கமாகத்தான் போயிற்று. அவன் இடது கை தாளத்தைத் தாலாட்டியது. அவள் மீட்டல் அதன்மேல் சாய்ந்துகொண்டது. பிறகு பாட்டு தன் உயிர் குடியிருக்கிற சுரத்துக்கு வந்தது... வெள்ளைக் கட்டைக்கும் கருப்புக் கட்டைக்கும் நடுவில் நிற்கிற ‘மி’. சோற்றில் மணலைக் கடித்ததுபோல் இருவரும் நிறுத்தினார்கள்.

“பியானோல அந்த இடமே கிடையாதுங்க,” என்றான் வதீ. “ஊத்ல கட்டையா இருக்கு? விரலைக் கொஞ்சம் நகத்துங்களேன்.”

“போன வருஷம் வேற ஒரு குழுவும் இதையேதான் கேட்டாங்க. நகத்தினேன். அப்புறம் அந்தப் பதிவைக் கேட்டா... என் சட்டையைப் போட்டுட்டு வேற யாரோ நடக்கிற மாதிரி இருந்துச்சு.”

“அதுக்காகப் பியானோ தலைகுனியணுமா?”

“வேண்டாம் உஸ்தாத். நிமிர்ந்தே நிக்கட்டும். தனியா.”

வாசலில் அவன் குடையை நீட்டினான். அவள் வாங்கவில்லை. ஊத்தைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு மழையில் நடந்தாள்.

மூன்று நாள். வீம்பு நன்றாகத்தான் இருந்தது... ஆனால் அதற்கு இடது கை கிடையாதே! அந்தத் தாலாட்டு காதைவிட்டுப் போக மறுத்தது. வெள்ளிக்கிழமை லமீஸ் கதவைச் சாத்திக்கொண்டு விரலை ஒரு மயிரிழை மேலே நகர்த்திப் பழகினாள். பாட்டு அரங்கேற வேண்டாமா, அதற்காகத்தான் என்று ஊத்திடம் சொன்னாள். ஊத் நம்பவில்லை.

சனிக்கிழமை மாலை நான்கு மணி. நெரிசலில் மாட்டி, அவள் வந்தபோது கடை நிரம்பியிருந்தது. ஒத்திகைக்கு நேரமில்லை. வதீயின் உள்ளங்கையில் கட்டு. என்ன ஆச்சு என்று கேட்கத் துடித்த வாயை மூடிக்கொண்டு மீட்டினாள். அந்தச் சுரம் வந்தது...

மறுபடியும் மணல்.

முன்வரிசைக்காரர் கோப்பையை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்.

“நீங்க ஏன் மேல போனீங்க?” என்று கிசுகிசுத்தான் வதீ.

“நீங்க ஏன் கீழ வந்தீங்க?”

வதீ சட்டைப் பையிலிருந்து சுருதிச் சாவியை எடுத்துக் காட்டினான். “காலையிலேர்ந்து உள்ளங்கை கொப்புளிக்க உக்காந்து ஏழு ‘மி’ கட்டையையும் கால் சுரம் இறக்கிட்டேன். நவால் அக்காவுக்கு இன்னும் தெரியாது.”

“இப்பத் தெரிஞ்சிடுச்சுடா, பாவி,” என்றது கல்லாப் பக்கத்துக் குரல்.

கடை சிரித்தது. லமீஸ் சிரித்தாள்... கண் ஏன் கலங்குகிறது என்று தெரியாமல். விரலை அதன் பழைய இடத்துக்கே கொண்டுபோனாள். மீட்டினாள். பியானோ அங்கே அவளுக்கு முன்பே வந்து காத்திருந்தது.

கைதட்டல் அடங்கியதும் அவன் மெல்லக் குனிந்தான். “லமீஸ், ஒரு சிக்கல். இனிமே உங்களைத் தவிர வேற யார்கூடவும் வாசிக்க முடியாது.”

“யாரால முடியாது? பியானோவாலயா?”

“பியானோவைச் சாவி போட்டுத் திருப்பிடலாம்...”

மீதியை அந்தக் கண்கள் சொல்லின. லமீஸ் எழுந்துபோய் மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“வெளிய மழை. பிடிச்சுட்டு வாங்க. வழியில சொல்றேன், நான் விரலை நகத்தினது பாட்டுக்காக இல்லன்னு.”

குடை முழுவதும் ஊத்தின் மேல்தான் இருந்தது. வதீ தொப்பலாக நனைந்துகொண்டே நடந்தான்.