நீலமாக இருக்க வேண்டிய ஸ்லைடு

வெறும் நீலமாக இருக்க வேண்டிய ஸ்லைடில் பழுப்பு தெரிந்தது.

பெரியவள் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். பழுப்பு அங்கேயேதான் இருந்தது. பொட்டுப் பொட்டாக, வளையம் வளையமாக, யாரோ பொறுமையாக உட்கார்ந்து ஊசிமுனையால் வைத்தது போல இருந்தது.

அந்த ஆய்வகத்துக்கு வரும் ஒவ்வொரு தசைத் துணுக்கிலிருந்தும் இரண்டு ஸ்லைடு போடுவார்கள். ஒன்றில் ஆன்டிபாடித் துளியை விடுவார்கள். தேடுகிற செல் அங்கே இருந்தால், கடைசியில் விடும் கரைசல் பட்டுப் பழுப்பாக நிறமேறும். இன்னொன்றில் அந்தத் துளி மட்டும் கிடையாது, அதற்குப் பதில் வெறும் உப்புநீர். அதுதான் நெகட்டிவ், அடிச்சாயத்தின் நீலம் மட்டும்தான் அதில் தெரிய வேண்டும். அது பழுப்பாகிவிட்டால் பக்கத்து ஸ்லைடின் பழுப்பையும் நம்பக்கூடாது, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அதனால் எப்போதும் முதலில் நெகட்டிவ், அப்புறம்தான் நோயாளி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதைத் தொண்டை கிழியச் சொல்கிறவளே அவள்தான்.

இன்றைக்கு மாற்றிப் பார்த்துவிட்டாள். நோயாளி அவளுடைய தங்கை.

சின்னவளின் மார்பிலிருந்து ஊசி வைத்து எடுத்த நூலளவு சதை அது. பால் குழாய்களைச் சுற்றிக் காவல் செல்கள் வரிசை கட்டி நிற்கின்றனவா என்பதுதான் கேள்வி. நின்றால் பழுப்புப் பொட்டுகள் வேலி போலத் தெரியும். உள்ளே இருப்பது உள்ளேயே அடங்கிக் கிடக்கிறது, பிழைத்தாள் என்று அர்த்தம். வேலி இல்லையென்றால் வெளியே கிளம்பிவிட்டது. அம்மாவுக்கு வேலி இருக்கவில்லை. அம்மா இப்போது இல்லை.

ஆகவே, தங்கையின் ஸ்லைடில் அழகழகாய்ப் பழுப்பு வளையங்களைப் பார்த்த மாத்திரத்தில் பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. மேலே காத்திருப்போர் கூடத்தில் காலையிலிருந்து நகம் கடித்துக்கொண்டிருந்தவளுக்கு உடனே போன் போட்டாள். "ஒண்ணுமில்லடி. வேலி நல்லா இருக்கு. நீ நல்லா இருக்க." சின்னவள் அழுதாள், இவளும் அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டுதான் நெகட்டிவைக் கையில் எடுத்தாள். வாயை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்திருக்கலாம். யார் கேட்டார்கள்?

மேசைத் தொலைபேசி அடித்தது. டாக்டர், வீட்டிலிருந்து. 'குட் மார்னிங்' சொன்னால்கூட "அப்படியா?" என்று கேட்கிறவர் என்பதால் ஆய்வகத்தில் அவருக்குச் சந்தேகசாமி என்று பெயர்.

"தங்கச்சி ஸ்லைடு ரெடியாம்மா?"

"வந்திருச்சு சார். பழுப்பு நல்லா வந்திருக்கு."

"நெகட்டிவ்?"

அவள் ஸ்லைடைப் பார்த்தாள். "சுத்தமா இருக்கு சார்."

"அப்படியா? சரி. நாளைக்கு வந்து பாக்கறேன்."

பொய்தான். ஆனால் நாளைக்குள் சரிபண்ணிவிட்டால் பொய் எப்படிப் பொய்யாகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். விடுமுறை நாள், கீழ்த்தளத்தில் வேறு ஆள் இல்லை. மழைத்தண்ணீர் சுவருக்குள் ஓடும் குழாய்களில் கடகடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. உருகிய மெழுகின் வாசனையும், மூக்கை அரிக்கும் சைலீன் நெடியும், எங்கிருந்தோ ஈரத்துணி வாடையும் கலந்து, புகைபோக்கி விசிறி எவ்வளவு சுற்றியும் வெளியே போக மனமில்லாமல் அறைக்குள்ளேயே நின்றன. சில சமயம் சதையில் தங்கிய ரத்தமே பழுப்பைக் கிளப்பிவிடும். அதை அடக்கப் பெராக்சைடு ஊற்றுவார்கள். அது பழசாகியிருக்கும், வேறென்ன? புதுப் புட்டியை உடைத்தாள். பழுப்புக் கரைசலையும் புதிதாகக் கலந்தாள்.

சின்னவளின் சதையில் உபரியாகச் சீவி வைத்திருந்தது ஒன்றே ஒன்று. அதை நெகட்டிவாகப் போட்டாள். கோளாறு சதையிலா கரைசலிலா என்று தெரிய வேண்டுமே, அதனால் பக்கத்தில் ஒரு வெற்று ஸ்லைடும் வைத்தாள். பெட்டியிலிருந்து அப்போதுதான் உருவிய சுத்தக் கண்ணாடி. ஒட்டியிருக்க ஒரு துணுக்குச் சதைகூடக் கிடையாது.

ஒவ்வொரு படியாகச் செய்தாள். கொதிக்க வைத்தாள், ஆற வைத்தாள், கழுவினாள். ஆன்டிபாடி இருக்கும் புட்டியின் பக்கமே கை போகவில்லை. கடைசியில் பழுப்புக் கரைசலை இரண்டிலும் ஒவ்வொரு துளி விட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

தங்கையின் ஸ்லைடு தெளிவாகவே இருந்தது. ஒரு பொட்டுகூட இல்லை.

வெற்று ஸ்லைடு பழுப்பாகத் தொடங்கியது.

முதலில் ஒரு மங்கல், பிறகு ஒரு நூலளவு நீளம், பிறகு அந்த நூலுக்கு ஒரு வளைவு. தங்கையின் சதைத் துணுக்கின் அந்த வளைவை அவளுக்கு நன்றாகத் தெரியும். மெழுகில் பதித்ததும் சீவியதும் அவள் கைதானே. சடாரென்று ஸ்லைடை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். தண்ணீர் பட்டால் நிறம் நின்றுவிடும். எப்போதும் நின்றுவிடும்.

நிற்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே கறுத்துக்கொண்டு போனது.

மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். வெறுங்கண்ணாடியில் வளையங்கள். பொட்டுகள் தோளோடு தோள் சேர்ந்து நெருக்கமாய் நின்றன. ஒரு வளையத்துக்குள் ஏதோ இருந்தது. நிறமில்லாதது. கலங்கலானது.

அது நெளிந்தது.

செத்த சதைகூட இல்லை. வெறுங்கண்ணாடி. நெளிந்தது.

விசிறி ஓடிக்கொண்டிருந்தது. குழாய்களில் சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது?

கதவு தட்டப்பட்டது.

"அக்கா? உள்ள வரலாமா?"

சின்னவள்தான். சிரித்த முகம், அழுது சிவந்த கண்கள். சுடிதாரின் ஒரு கை மட்டும் முழங்கைவரை சுருட்டி விட்டிருந்தது.

"மேல சும்மா உக்காந்திருந்தேனா, திடீர்னு பாத்தா கையில என்னமோ மை மாதிரி. தேய்ச்சா போக மாட்டேங்குது." கண்கள் தொட்டியைத் தேடிக் கண்டுபிடித்தன. "இரு, கழுவிட்டு வந்து உன்னைக் கட்டிக்கறேன்."

"தண்ணியில வைக்காத."

குரல் எழும்பவில்லை. சின்னவள் குழாயைத் திறந்து கையை நீட்டிவிட்டாள்.

மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பழுப்புப் பொட்டுகள். வளையம் வளையமாக. தண்ணீர் விழ விழ நிறம் ஏறியது. வெளிர் பழுப்பு. அடர் பழுப்பு. கறுப்பு. கழுத்தில் ஒன்று வந்தது. காதோரம் ஒன்று.

"என்னக்கா இது, இன்னும் தெளிவாத் தெரியுது." சின்னவள் சிரித்தாள். "ஆனா வலிக்கவே இல்ல. நீதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டியே, அப்புறம் எனக்கென்ன பயம்?"

பெரியவள் வாய் திறந்தாள். நெகட்டிவைப் பாக்காமலே சொல்லிட்டேன்டி. அதைச் சொல்லிவிட வேண்டும். இப்போதே சொல்லிவிட வேண்டும்.

தங்கை இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மணிக்கட்டின் பெரிய வளையத்தில், தோல் மேலே, ஒரு பொட்டு மெல்ல நகர்ந்தது. பக்கத்துப் பொட்டும் நகர்ந்தது. வரிசையில் இடைவெளி விழுந்தது. உள்ளேயிருந்து வருகிற ஒன்றுக்கு வழிவிட்டு, காவல் பொட்டுகள் ஒவ்வொன்றாக ஒதுங்கி நின்றன.