சூடு போன வழி

அந்தக் காற்றில் ஏதோ சரியில்லை என்று அலாவுதீனுக்கு முதலில் சொன்னது அவனுடைய விரல்கள்தான். காரின் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்றால் சுடாத காற்று வரும், அவ்வளவுதானே. வெளியே இருக்கிற காற்றைத்தான் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் சின்ன விசிறி உள்ளே தள்ளுகிறது. பினாங்கில் வெளிக்காற்று என்றைக்குக் குளிர்ந்திருக்கிறது? நவம்பர் மழையில்கூடச் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிற ஊர் இது. ஆனால் விசிறிக்கு முன்னால் கையை நீட்டினால், ஐஸ் கடையில் கட்டியை மூடிவைத்த மரத்தூளுக்குள் கையை விட்டதுபோல விரல் மரத்துப்போனது. கையை இழுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான். துடைப்பதற்கு அதில் ஈரம் எதுவும் இல்லை.

அவனுக்கு அலுப்பாக இருந்தது. நோன்பு பத்தொன்பதாவது நாள். பசியெல்லாம் பழகிவிட்டது, தூக்கம் இல்லாததுதான் ஆளைக் கொன்றது. ஏழு வயது மகள் ரோஹானாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ராத்திரி முழுக்க ஈரத்துணியை நெற்றியில் போடுவதும் எடுப்பதுமாக அவனும் மனைவி நூர் பீவியும் மாறி மாறி விழித்திருந்தார்கள். துணி காய்ந்து காய்ந்து போனது. இன்று ராத்திரிக்குள் சூடு இறங்கினால் பிள்ளை பிழைத்துவிடும், இறங்காவிட்டால் சொல்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மலேரியாவுக்கான கொய்னா மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காலையிலிருந்து ஒவ்வொரு திருகாணியைக் கழற்றும்போதும் அலாவுதீனின் வாய் ஒன்றையே முணுமுணுத்தது. யா அல்லாஹ், எம் புள்ள சூட்டை இறக்கு.

வீட்டோடு கிடந்திருப்பான். ஆனால் டத்தோ கிராமாட்டில் அவனுடைய கார் ரிப்பேர்க் கொட்டகைக்கு இந்தக் காரை அனுப்பியவர் நாகநாதன் கிராணி. யாழ்ப்பாணத்து மனிதர், பெரிய ஆபீசில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைமைக் கிராணி, இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட முகம் சுளித்துப் பேசாதவர். மனைவி புஷ்பராணிக்கு நெஞ்சுச் சளி. மலைக்காற்று நல்லது என்று டாக்டர் சொன்னதால் விடிந்ததும் கேமரன் மலைக்குப் புறப்படுகிறார்கள். மேலே ஏற ஏறக் குளிரும், ஹீட்டர் இல்லாமல் அந்த அம்மாவைக் கொண்டுபோக முடியாது. ஆபீஸ் விட்டதும் மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்திக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். எப்படி முடியாது என்பது?

கார் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத் துரையுடையது. அவர் சீமைக்குப் போய்த் திரும்பும்போது கப்பலில் கூடவே கொண்டுவந்தது. அதனால்தான் இந்த ஊருக்கு வேண்டாத ஹீட்டர் அதில் இருந்தது. துரை சீமைக்கே திரும்பிப் போய்விட்டார், காரைக் கிராணி வாங்கிவிட்டார். காலையில் அதை ஃபெரியில் ஏற்றிக் கொண்டுவந்தவன் துரையின் டிரைவர் ராமசாமி. அந்த வெயிலில் ஒரு கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு இறங்கினான். என்ன அண்ணே, உடம்புக்கு முடியலையா என்று கேட்டதற்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். போன மழைக்குத் தோட்டத்துக் கூலி லயத்துக் காய்ச்சல்காரர்களை இதில்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனதாகவும், அதிலிருந்தே ஹீட்டர் இப்படி என்றும் சொன்னான். எல்லாரும் பிழைத்தார்களா என்றதற்கு, ஒரு பொம்பளையைத் தவிர என்றான். அந்த ஒருத்தி குளிருது குளிருது என்றே வழியில் போய்விட்டாளாம். சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது, கோட்டின் பொத்தானை வெயிலில் நின்று ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

மத்தியானத்திலிருந்து அலாவுதீன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். ரேடியேட்டரில் தண்ணீர் நிறைய இருந்தது. குழாயில் காற்று அடைத்திருக்குமோ என்று மூடியைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை காத்திருந்தான். ஹீட்டருக்குள் துரு அடைத்திருக்குமோ என்று கழற்றி ஊதிப் பார்த்தான். தண்ணீர் ஒரு பக்கம் ஊற்றினால் மறுபக்கம் சுத்தமாக வந்தது. மறுபடி மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டான். இன்ஜினிலிருந்து ஹீட்டருக்குப் போகிற குழாய் கொதித்தது, ஒரு நொடிக்கு மேல் பிடிக்க முடியவில்லை. ஹீட்டரிலிருந்து திரும்பி வருகிற குழாய் ஜில்லென்று இருந்தது.

தண்ணீர் ஓடாமல் நின்றால் அப்படி இருக்கலாம். ஆனால் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, குழாயை அமுக்கினால் விரலுக்கடியில் துடித்தது. கொதிக்கிற தண்ணீர் இந்தப் பக்கம் நுழைகிறது, பச்சைத் தண்ணீராக அந்தப் பக்கம் வெளியே வருகிறது. காருக்குள்ளோ குளிர். அவ்வளவு சூடும் நடுவில் எங்கே போகிறது? இருபது வருடம் இந்தக் கையால் இன்ஜின் தொட்டவனுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. சூடு காணாமல் போகாது, யாராவது எடுத்தால்தான் உண்டு என்று நினைத்தான். நினைத்ததும் பசிக் கிறுக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மழை பிடித்தது. தகரக் கூரையில் வேறு சத்தமே கேட்காதபடி கொட்டியது. கொட்டகைக்குள் அந்திக்கு முன்பே இருட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் இன்ஜினை ஓடவிட்டபடியே முன்சீட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, தலையை டாஷ்போர்டுக்கு அடியில் நுழைத்து, விசிறியின் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தான். பெட்ரோல் வாடை, நனைந்த ரப்பர் வாடை. அதற்கு அடியில் இன்னொன்று. ஈரக் கம்பளியும் நாள்பட்ட வேர்வையும் கலந்த, காய்ச்சல்காரர் படுக்கை வாடை. மகளின் வாடைதான் தன் சட்டையில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தான்.

பின்கதவு திறந்தது. மூடியது. கார் ஓர் ஆள் பாரத்துக்கு லேசாக அமுங்கியது.

தலையைத் தூக்கிப் பார்த்தபோது, முன்னால் தொங்கும் சின்னக் கண்ணாடியில் பின்சீட்டு தெரிந்தது. முக்காடு இட்டதுபோலத் தலையோடு கம்பளி போர்த்திய ஒரு பெண். கிராணி ஐயா மனைவியை மழைக்குக் காருக்குள் உட்காரவைத்துவிட்டு எதிரே காப்பிக்கடைக்குப் போயிருப்பார் என்று அவனே கணக்குப் போட்டுக்கொண்டான். உடனே பார்வையைத் தாழ்த்தினான். நோன்பாளி, அடுத்தவர் வீட்டுப் பெண்ணை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது. அதுவும் நோயாளி. கொஞ்ச நேரம்மா, ஆயிரும் என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

"குளிருது" என்றது பின்சீட்டு.

சன்னக் குரல், பல்லோடு பல் தட்டிக்கொண்டு வந்தது. பாவம் என்று நினைத்தான். மழைச் சத்தத்தில் இத்தனை சன்னக் குரல் எப்படிக் கேட்டது என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

மழை சற்றுத் தணிந்தபோது நோன்பு திறக்கும் பாங்கு சொன்னார்கள். அலாவுதீன் எழுந்து காரின் மிதிபலகையில் உட்கார்ந்து, ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். நூர் பீவி கொடுத்துவிட்ட தூக்குச் சட்டியைத் திறந்தான். நோன்புக் கஞ்சி, ஆவி பறந்தது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது தனியாகக் குடிக்கிற பழக்கம் அவன் குடும்பத்திலேயே கிடையாது. கோப்பை நிறைய ஊற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டே பின்சன்னலுக்குள் நீட்டினான். சூடா இருக்கும்மா, சைவந்தான், கறி போடலை என்றான். கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வந்து வாங்கியது. நகங்கள் மட்டும் கண்ணில் பட்டன. நாவல்பழ நிறம்.

இரண்டு மிடறு அவன் குடிப்பதற்குள் கோப்பை திரும்பி வந்தது. அப்படியே நிறைய இருந்தது. மேலே ஆடை கட்டி, உள்ளே இறுகிப்போய், நேற்றுச் செய்து வைத்ததுபோல. கோப்பை விரலைச் சுட்டது. சூட்டால் அல்ல.

"இதுல சூடே இல்ல" என்றாள்.

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. களைப்புத்தான், வேறென்ன. நாளெல்லாம் ஒரு இடத்தில் சூடு வேண்டுமென்று மல்லுக்கட்டுகிறான், இன்னொரு இடத்தில் சூடு இறங்கவேண்டுமென்று கெஞ்சுகிறான். வாய் தன்பாட்டுக்குப் பேசியது.

"பின்னால மூணாவது வீடு நம்ம வீடுதாம்மா. அங்க எம் புள்ள நெருப்பாக் கொதிக்குது. அந்தச் சூட்டை எடுத்து உங்களுக்குக் குடுக்க முடிஞ்சா இப்பவே குடுத்துருவேன்."

பின்சீட்டில் பல் தட்டுகிற சத்தம் நின்றது.

"குடுப்பீங்களா?"

"எடுத்துக்குங்கம்மா" என்றான் அலாவுதீன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கதவு திறந்தது. கார் லேசாக எழும்பியது. கிராணியைத் தேடிப் போகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு கஞ்சியைக் குடித்து முடித்தான். அப்போதுதான் முழங்காலில் அது பட்டது. வெதுவெதுப்பு. முன்கதவு வழியாக, காருக்குள்ளிருந்து. பாய்ந்துபோய் விசிறிக்கு முன்னால் கையை வைத்தான். அடுப்பைத் திறந்ததுபோல அனல் அடித்தது. பத்து நொடியில் கண்ணாடியெல்லாம் ஆவி படர்ந்தது. திரும்பி வருகிற குழாயைத் தொட்டான், சுட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொன்னான். என்ன செய்தோம், எது சரியானது என்று தெரியவில்லை. தெரியாவிட்டால் போகிறது, சரியாகிவிட்டதே.

ரிக்‌ஷா மணி கேட்டது. கொட்டகை வாசலில் நாகநாதன் குடையோடு இறங்கினார். அடுத்த கையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைச் சுற்றிச் சால்வையோடு, இருமிக்கொண்டே ஒரு பருத்த அம்மாள் இறங்கினார்.

"தம்பி, சரிவந்திட்டுதோ? மழைக்குள்ள வெளிக்கிடப் பிந்திப்போச்சு. இதுதான் என்ர மனுசி."

அலாவுதீன் அந்த அம்மாளைப் பார்த்தான். பின்சீட்டைப் பார்த்தான். சீட்டில் ஆள் உட்கார்ந்த குழி. குழிக்குள் வெள்ளையாக ஏதோ. தொட்டான். உறைபனி. விரல்பட்டுக் கரைந்தது.

முன்னாலேயே வந்தீங்களாய்யா என்று கேட்டான். இல்லையே, இப்பதானே வாறம் என்றார் அவர்.

ஓடினான்.

மழை. சாக்கடை. முதல் வீடு. இரண்டாவது வீடு. செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே நூர் பீவி எதிரே வந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, சூடு எறங்கிருச்சுங்க! நீங்க அனுப்புனீங்கன்னு ஒரு அம்மா வந்துச்சு. நான் பக்கத்துல படுத்துக்குறேன்னு சொன்னுச்சு. அஞ்சே நிமிசம். மொத்தச் சூடும் போயிருச்சு."

அவளை விலக்கிவிட்டு அறைக்குள் போனான்.

விளக்கு எரிந்தது. பாயில் ஒரே கம்பளி. அதற்கு வெளியே நான்கு பாதங்கள், இரண்டு பெரியவை, இரண்டு சின்னவை. சின்னப் பாதத்தை அவன் பிடித்தான். திரும்பி வருகிற குழாயைப்போல ஜில்லென்று இருந்தது. ரோஹானா கண்ணைத் திறந்து அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பல் தட்டிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாக. அவளை இறுக அணைத்துக்கொண்டு படுத்திருந்தவளின் கன்னம் சிவந்திருந்தது. நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை.

"இப்பத்தான் இதமா இருக்கு" என்றாள் அவள். கம்பளியை இழுத்துப் பிள்ளையின் தலைக்கு மேலே போர்த்தினாள்.