எல்லோருக்கும் ஒரே காக்கை

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அட்டைத் தேர்வுக் கூட்டம். பாளையங்கோட்டையின் அந்தப் பதிப்பகத்தில் அதன் நடைமுறை மாறியதே இல்லை. மேசையில் புத்தகத்தை வைப்பார்கள், பார்ப்பார்கள், "பிரமாதம்" என்பார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு வடை சாப்பிடுவார்கள். வடை ஆறிய வரலாறு கிடையாது.

"பிரமாதம்," என்றார் பதிப்பாளர் ஜெபராஜ் அண்ணாச்சி. "தட்டுல புரோட்டா, பக்கத்துல சால்னா. ஆவி பறக்கு."

"எனக்குக் கடல்," என்றாள் வடிவமைப்பாளர் ஜெசிந்தா. அட்டையைத் துணியால் துடைத்து சார்ஜ் ஏற்றுவதுதான் அவள் வேலை. அதற்கு ஐந்தாண்டுப் பட்டப்படிப்பு.

நாவலை எழுதிய கோமதிநாயகத்துக்குப் பூனை தெரிந்தது.

இது இணங்கட்டைகளின் காலம். பார்ப்பவருக்கு எது பிடிக்குமோ அதை அவர் கண்ணுக்கு மட்டும் காட்டும் அட்டை. தலைப்பைக்கூட உள்ளே மூன்றாம் பக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். யாருக்காவது பிடிக்காமல் போனால்? அட்டையைக் குறை சொன்ன கடைசி மனிதர் ஓய்வு பெற்று நாற்பது வருடமாகிறது. கோமதிநாயகத்தின் அலமாரியில் இருநூறு புத்தகங்கள், இருநூறு பூனைகள். சமையல் குறிப்பு என்று எடுத்தால் குற்றவியல் சட்டம் வரும்.

அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் நாவல் எழுதியவனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது: முன்பின் தெரியாத ஒருவர் பேருந்தில் அதை வைத்திருப்பதை ஒருமுறை பார்க்க வேண்டும். யார் கையில் எதைப் பார்த்தாலும் பூனையாக இருந்தால் அது எப்படி நடக்கும்?

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் புத்தகத்தின் மேல் ஒட்டினான். அவனே பேனாவால் வரைந்த காக்கை.

அண்ணாச்சி காத்திருந்தார். காகிதத்தைத் தட்டினார். வெளிச்சத்தில் திருப்பினார்.

"ஏம்மா, இதுல சார்ஜ் இல்ல. வாத்துலயே நிக்கி."

"அது காக்கா, அண்ணாச்சி. மாறாது. எல்லாருக்கும் அதுதான் தெரியும்."

"எனக்குமா? எனக்கு வாத்து பிடிக்காதே தம்பி."

"வாத்து எங்க இருக்கு?" என்றாள் ஜெசிந்தா. "இது கோழி. கொண்டையப் பாருங்க."

"அது அலகு. நீ கோழியப் பாத்திருக்கியா?"

"நீங்கதான் தட்டுல மட்டும் பாத்திருக்கீங்க."

இருவரின் விரலும் ஒரே இடத்தில் இருந்தது. ஒரே மேசையில் உட்கார்ந்து பதினோரு வருடமாகிறது. இருவரும் ஒன்றையே பார்த்தது அன்றுதான். வடை ஆறிப்போயிற்று. ஒரு மணிக்கு அண்ணாச்சி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சாய்ந்தார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"இது விக்காது," என்றார். "ஆனா அச்சடிப்போம். ஊர்ல நாலு பேரு வாத்துன்னு சொல்லட்டும், அப்புறம் இவகிட்ட பேசுதேன்."

மூன்று மாதம் கழித்து, வண்ணாரப்பேட்டை போகும் பேருந்தில், பூனைகளுக்கு நடுவே கோமதிநாயகம் அதைப் பார்த்தான். ஜன்னலோரம் ஒரு அம்மாள் மடியில் காக்கை. அருகே போனான்.

"கதை எப்படி இருக்கு?"

"இன்னும் படிக்கல தம்பி. இந்த வாத்தத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"காக்கா," என்றான்.

"கோழில்லா?" என்றார் பின்சீட்டுக்காரர்.

அடுத்த நிறுத்தத்துக்குள் பேருந்து மூன்று கட்சியாகிவிட்டது. காக்கைக் கட்சியில் அவன் ஒருவன்தான். இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டது. அம்மாள் பொறுமையிழந்து புத்தகத்தை அவன் மூக்கருகே நீட்டினார்.

"நல்லா கண்ணத் தொறந்து பாருங்க தம்பி."

பார்த்தான். கொஞ்சம் வாத்து மாதிரிதான் இருந்தது.