கபீர் சொல்லாதது

பிற்பகல் மூன்று பதினேழு. அரசலாற்றங்கரைக் கிடங்கின் ஓட்டு இடுக்குகள் வழியாக வெயில் கோடுகோடாக விழுந்தது. ஈரச் சாக்கு நாற்றம். ஏழு மணிக்குக் கச்சேரி.

மேடையில் நௌஷின் கிட்டாருடன் தனியாக நின்றாள். காலடியில் ஆறு எஃபெக்ட் பெடல்கள். ஒன்றை மிதித்தால் கிட்டார் கப்பல் சங்குபோல முழங்கும். இன்னொன்றை மிதித்தால் அந்த முழக்கம் தேயாமல் திரும்பத் திரும்ப வரும்.

எதிர்ச்சுவரை ஒட்டி, ஒலி மிக்சரின் முன் கபீர். அவளுடைய பெரியம்மா மகன்; அண்ணன் முறை, அவளுக்கு நானா. நான்கு வருடமாக அவளுக்கு ஒலி அமைக்கிறான். ஒருநாளும் பாராட்டியதில்லை.

"மூணாவது பெடலை நிறுத்து. ஒரே இரைச்சல்."

"அது இரைச்சல் இல்ல நானா. பாட்டே அதுதான்."

"அப்ப பாட்டை நிறுத்து."

அவன் எரிச்சலுக்கு வேறு காரணமும் இருந்தது. மைக்குக்கும் கிட்டார் கம்பிக்கும் நடுவே சோதனை பல்பை வைத்துப் பார்த்திருந்தான். பல்பு எரிந்தது. கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் செத்திருந்தது. மேடையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் எலக்ட்ரீஷியன் செல்லையன் அதற்குப் புதுக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். அவர் பக்கம் இருந்த மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். நேரம் இல்லை என்று கபீர் முடிவு செய்தான்.

"கம்பியில கை இருக்கும்போது மைக்கைத் தொடாதே. தொட்டா மௌத்துதான். ரப்பர் செருப்பையும் கழட்டாதே. வெளங்குதா?"

அவள் கட்டைவிரலைத் தூக்கினாள்.

அதுதான் அவர்கள் வழக்கம். காதில் இயர்போனை அடைத்துக்கொண்டால் அவளுக்கு வெளிச்சத்தம் கேட்காது. மிக்சரில் பட்டனை அழுத்தி அவன் பேசுவது மட்டும் கேட்கும். கேட்டதும் விரலைத் தூக்க வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது.

அவன் குனிந்து கிட்டாரின் ஒலியளவைக் குறைத்தான். நிமிர்ந்தான்.

அவள் விரல் மறுபடி மேலே இருந்தது.

அவன் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பட்டனைப் பார்த்தான். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

நௌஷின் தலையசைத்தாள். வலது செருப்பைக் கழற்றினாள். இடது செருப்பைக் கழற்றினாள். விரலைத் தூக்கினாள்.

கபீர் பட்டனை அழுத்தினான். "என்ன பண்ற? செருப்பைப் போடு."

அவள் சிரித்தாள். விரலைத் தூக்கினாள். மைக்கை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

"நௌஷின், தொடாதே!"

இன்னும் ஓர் அடி. இப்போது அவள் மூச்சு ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு குரல்.

"இவ்ளோ அன்பா பேசுவீங்களா நானா? இத்தன நாளு எங்க வச்சிருந்தீங்க?"

கபீர் ஓடினான். நாற்காலி சாய்ந்தது.

"செல்லையண்ணே! மெயினை இறக்குங்க! இறக்குங்க!"

அவள் இடது கை கம்பிகளின் மேல் இருந்தது. வலது கை மைக்கை நோக்கி நீண்டது.

டக்.

ஸ்பீக்கர் செத்தது. மின்விசிறி தளர்ந்து நின்றது. மிக்சர் இருண்டது.

அவள் விரல்கள் மைக்கைச் சுற்றி மூடின. ஒன்றும் ஆகவில்லை.

கபீர் மேடையில் ஏறி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பனிக்கட்டி போல இருந்தது.

"விடு. மைக்கை விடு." அவள் காதருகே கத்தினான்.

"ஒரு நேரத்துல ஒண்ணு சொல்லுங்க நானா. விடாதேங்கிறீங்க, விடுங்கிறீங்க."

அவள் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினான். மின்சாரம் இல்லாத கிடங்கில் அதிலிருந்து ஒரு குரல் கசிந்தது. நிதானமான குரல். செல்லம் கொஞ்சும் குரல்.

அவனுடையது.

இயர்போனை வீசினான். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தான். இரும்பு. கம்பிகளின் மேலிருந்த இடது கையும் அப்படியே. கிட்டார் கேபிளை இழுத்தான். அவள் வெறுங்கால் அதை அழுத்தி நின்றது.

"நானா, வலிக்குது," என்றாள் நௌஷின். முதல்முறையாக அவள் கண்களில் பயம் தெரிந்தது. "நான் பிடிக்கல. கை விட மாட்டேங்குது."

பின்சுவருக்கு அப்பால் யாரோ பேசினார்கள். சொற்கள் கேட்கவில்லை. குரல் மட்டும் கேட்டது.

அதுவும் அவனுடையதுதான்.

"என்ன தம்பி," செல்லையன் அங்கிருந்து கேட்டார். "இப்பத்தானே இறக்கச் சொன்னீங்க?"

வேண்டாம் என்று கத்தக் கபீர் வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை.

மறுபடி முயன்றான். காற்று மட்டும் வந்தது.

நௌஷின் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, சரி," சுவருக்கு அப்பால் செல்லையன் சிரித்தார். "இவ்ளோ தன்மையா கேட்டா மாட்டேன்னா சொல்லப்போறேன்? போடுறேன் தம்பி. அங்க யாரும் எதையும் தொட்டுக்கிட்டு இல்லையே?"